பூத்த பிறகு முறித்த கொப்பு

ஒன்பதாவது கொப்பும் கையோடு வந்துவிட்டது.

அடியில் வேர் இல்லை. பழுப்பு நிறத்தில் வழவழவென்று அழுகல்தான் இருந்தது.

பிரியந்தன் அதை பேஸ்மென்ற் சுவரில் ஓங்கி எறிந்தான். அது ஒரு சத்தமும் போடாமல் விழுந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

இனி வெட்டி நட ஒன்றும் இல்லை. தாய்ச்செடி போன கிழமை உறைபனியில் கருகிவிட்டது. தப்பிய பூக்களை மட்டும் வெட்டி, உடுப்புக் காயப்போடும் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறான். இழுத்துப் பிடித்தால் மார்கழியில் நத்தார் வரைக்கும் வரும். கஜனிக்கு கீமோ பங்குனி வரைக்கும் இருக்கிறது.

கஜனி அவன் மனைவி. மார்பில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து குடித்த தண்ணீரும் அவள் வயிற்றில் நிற்பதில்லை.

ரொறன்ரோவில் கஞ்சாக் கடைகளுக்கா பஞ்சம்? ஏறி இறங்காத கடையில்லை. ஒன்று அவளுக்கு நெஞ்சைப் படபடக்க வைத்தது. இன்னொன்று அவளை விடிய விடிய அழவைத்தது. கடைசியில் பின்வளவில் சட்டப்படி அவனே நட்ட நாலு செடிகளில், வேலியோரம் நின்ற ஒன்றுதான் அவள் உடம்புக்குக் கேட்டது. ஆவணிக் கடைசியில் அதன் முதல் பூவைக் காயவைத்து, வெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்த அன்று அவள் இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள். அவன் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

விதை எந்த இனம் என்று தெரியாது. யாரோ கொடுத்தது. அந்தச் செடி போனால் போனதுதான். ஆகவே கொப்பு வெட்டி நடலாம் என்று வேலையிடத்து மாக்கஸிடம் யோசனை கேட்டான்.

மாக்கஸ் தலையில் கை வைத்தான். பூக்க முன் செய்யவேண்டிய வேலையாம் இது. பூத்த கொப்புக்கு வேர்விட மனம் வராதாம். நாள் முழுக்க வெளிச்சம் காட்டி, மாதக்கணக்கில் பொறுத்தால் ஒன்றிரண்டு பழையபடி இலைக்குத் திரும்பும், ஆனால் இழுத்து மட்டும் பார்த்துவிடாதே என்றான்.

பிரியந்தன் காலையும் மாலையும் இழுத்துப் பார்த்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

மேலே வாளி நகரும் சத்தம் கேட்டது. கஜனி மறுபடி வாந்தி எடுக்கிறாள்.

நேற்றிலிருந்து அவன் அவளுக்குப் பாதியளவுதான் கொடுக்கிறான். அதை அவளிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் பக்கக் கதவில் தட்டல் கேட்டது. திறந்தால், கஜனியின் அக்கா ஜெயமலர். அஜின்கோர்ட்டிலிருந்து இங்கே ஸ்ரௌவ்வில்லுக்குத் தனியாகக் கார் ஓடி வந்திருக்கிறாள்.

புரட்டாதித் தொடக்கத்தில், லேபர் டே லீவன்று வந்தவள்தான். வேலியோரச் செடியால்தான் சாப்பாடு இறங்குகிறது என்று கஜனி ஆசையாகக் காட்ட, “சாமிப்படம் வைச்ச வீட்டில கஞ்சாவோ?” என்று அயலெல்லாம் கேட்கக் கத்திவிட்டுப் போனாள். அதன்பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கை சுருண்டு கிடக்க, போனில் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வைக்கிற அக்கா. பிரியந்தன் இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

ஜெயமலர் கையிலிருந்த பையை விரித்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு தயிர்ப் பேணி. அதில் ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. கஞ்சாவுக்குரிய ஐந்து விரல், ஏழு விரல் இலை ஒன்றும் இல்லை. கோணல்மாணலாக, வட்டமாக, ஒற்றை ஒற்றை இலை. பூவிலிருந்து திரும்பும் கொப்பு முதலில் இப்படித்தான் துளிர்க்கும் என்று மாக்கஸ் படம் காட்டியிருந்தான்.

பேணியின் அடித்துளையால் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

“அண்டைக்குப் போகேக்கை வேலியோரம் நிண்டதில முறிச்சனான். கேட்டு வாங்கினாப் பிடிக்காது தம்பி. களவெடுத்து நட்டாத்தான் பிடிக்கும்.”

சாமியறையில் வைத்தாளாம். அங்கே பிள்ளையாருக்குப் போட்ட பல்ப் இரவும் பகலும் அணைவதில்லை. வேறொன்றும் செய்யவில்லையாம், விளக்கு வைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டாளாம்.

லைற், ரைமர், வேர் மருந்து என்று மூன்று கடை ஏறிய பிரியந்தனுக்குச் சிரிப்பதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. சண்டைதான் முதலில் வந்தது.

“பிடிச்சிட்டுதெண்டு தெரிஞ்சும் ஏனக்கா இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை? நான் இஞ்ச விசர் பிடிச்சுப்போய் நிக்கிறன்.”

ஜெயமலர் செடியைத் திருப்பினாள். பின்பக்கம் இரண்டு கிளைகள் புதிதாக வெட்டப்பட்டிருந்தன.

“உங்களுக்கெண்டு களவெடுக்கேல்லை, தம்பி.”

குளிருக்குப் போட்ட கோட்டை அவள் இடது பக்கமாக இழுத்து மூடிக்கொண்டாள்.

“எனக்கும் உந்த வருத்தம்தான். ஆடியில டொக்டர்மார் சொன்னவை. வாற திங்கள் முதல் கீமோ. உங்கட செடி கருகிப்போச்செண்டு கஜனி போனில அழுதவள், அதுதான் இரண்டு கொப்பை எனக்கு வைச்சுப் பங்கு போட்டுக் கொண்டு வந்தனான்.”

மேலேயிருந்து கஜனியின் குரல் சோர்வாக வந்தது. “ஆரப்பா கீழை?”

பிரியந்தன் வாயைத் திறந்தான். ஜெயமலர் பேணியை அவன் கையில் அழுத்தி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லாதேங்கோ. முதல் அவளின்ரை கீமோ முடியட்டும். அதுவரைக்கும் அக்காவுக்கு வாய்தான் பொல்லாதது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கட்டும்.”