கொட்டகைக்குள் மிதித்த சைக்கிள்

ஐப்பசி மழை ஒன்பதாவது நாளாகப் பெய்தது. மல்லசமுத்திரத்தில் சைக்கிள் பந்தயக்காரன் மயில்சாமிக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. கடலைக்காய்க் கொட்டகையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தினமும் காலையெல்லாம் மிதித்தான். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

பக்கத்துக் காட்டில் பயிர் செய்யும் வெங்கடாசலம் நனைந்துகொண்டே வந்தார். "ஏஞ்சாமி, நேத்துக் காலைல சேந்தமங்கலம் சந்தைல கூப்பிடக் கூப்பிட நிக்காமப் போயிட்டயே! அத்தனை மழையிலயும் ஒரு சொட்டு நனையல நீ!"

"நேத்து இங்கதானுங்க மிதிச்சுட்டிருந்தேன்" என்றான் மயில்சாமி.

அவன் மனைவி சௌந்திரம் அடுப்பை விட்டு ஓடி வந்தாள். வாழப்பாடியில் அவள் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். ஆற்றில் வெள்ளம் போனதால் எட்டு நாளாகச் சேதி இல்லை.

"ஏனுங்க, ஏறுங்க! வாழப்பாடிய நெனச்சு மிதிங்க!"

சிரித்துக்கொண்டே ஏறியவன் உச்சிப்பொழுது வரை இறங்கவில்லை. அவன் கண்ணில் பட்டதெல்லாம் மண்சுவர்தான். சௌந்திரம் கொட்டகை வாசலிலேயே நின்றாள். யாரும் உள்ளே வரவில்லை.

"ஒண்ணுமில்ல புள்ள" என்று மூச்சிரைக்க இறங்கினான்.

கேரியரில் ஒரு மூட்டை கட்டியிருந்தது. அவள் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. அவிழ்த்தாள். உள்ளே அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட கச்சாயம், கை பொறுக்காத சூட்டில் இருந்தது.

"எங்கம்மா எந்திரிச்சு அடுப்பு மூட்டியிருக்குதுங்க!" என்று கூவினாள் சௌந்திரம்.