தங்கையின் சிறுநீரகம்

தங்கை ரூபி கொடுத்த சிறுநீரகத்தோடு ஞானதாஸ் ஆறு வருடம் ஆட்டோ ஓட்டினார். பிறகு கொரோனா வந்தது. காய்ச்சல் போய் ஒன்றரை வருடமாகியும் இளைப்பு போகவில்லை. சட்டை மாட்டினாலே மூச்சு வாங்கியது. உடம்பு சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமலிருக்க அவர் தினமும் போடும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் சிறுநீரகம் போய்விடக்கூடும் என்றார் டாக்டர். குறைத்தாலும் மூச்சு சரியாகும் என்பதற்கு உறுதியில்லை.

“போனா போகட்டும்ணே. குடுத்தவ நான் சொல்லுதேன், கொறச்சிப் பாரு,” என்றாள் ரூபி.

“எனக்குள்ள இது ஒண்ணுதான் நல்லா இருக்கு ரூபி.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை நிறுத்தினார்.

ரூபி காலை மாத்திரைகளை எடுத்தாள். அவர் கை நீட்டினார். மாத்திரைகளை மூடிப் பிடித்த கையை அவள் திறக்கவில்லை.