பதினொண்டரைக் கூன்

"ஐஞ்சாம் மாடியில ஆரோ கரண்ட் களவெடுக்கினம், ஹெர் மகேந்திரன்."

யூனிவர்சிற்றிக் கட்டடப் பொறுப்பாளர் புரூடரர் இப்பிடிச் சொல்லி கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்ட, மகேந்திரனுக்கு முகம் பேயறைஞ்ச மாதிரிப் போச்சு. ஐஞ்சாம் மாடித் துப்பரவு அவற்ற ஆக்கள்தான். இருபத்திரண்டு வருசமா அவர்தான் பொறுப்பு.

திரையில ஒரு கோடு. விடியத் தொடங்கி நல்ல பிள்ளை மாதிரிப் படுத்துக் கிடக்குது. பதினொண்டரைக்கு டக்கெண்டு கூன் விழுந்து எழும்புது. எல்லா நாளும் அப்பிடித்தான்.

"மாடிக்கு மாடி மீட்டர் போட்டதால பிடிபட்டுது. குளிர்கால மத்தியானம் நாடே கரண்டை இழுக்கிற நேரம். அதுக்காக நாங்கள் சூட்டைப் பத்தொன்பதுக்கு இறக்கி, லிஃப்டை மறிச்சு, புரொபெசர்மாரை ஜக்கெட்டோட படிப்பிக்க விட்டிருக்கிறம். இதார் எண்டு இண்டைக்கே தெரியவேணும். தெரிஞ்சா, ஆளுக்கு வேலை இல்லை."

மகேந்திரனுக்குப் பத்திக்கொண்டு வந்துது.

வராதோ பின்னை? லைற் எரிஞ்சா வயிறெரியிற மனுசன். புரூடரர் மாதிரியே கையைப் பின்னால கட்டி, மூக்கால ஜெர்மன் பாசையில "யேடெஸ் வாட் ஸெல்ட்" எண்டு சொல்லிக்கொண்டு திரிவார். ஒவ்வொரு வாட்டும் கணக்காம். பெட்டையளின்ர தேத்தண்ணிக் கேத்திலைக்கூடப் பிடுங்கி அலுமாரிக்குள்ள பூட்டினவர்.

லிஃப்ட் இல்லை. ஐஞ்சு மாடியும் நடை. மூச்சு வாங்க மேல ஏறினா, துடைப்பம் வைக்கிற அறைப் பக்கமிருந்து ஒரு மணம்.

கதவைத் தள்ளினார்.

வாளியளுக்கு நடுவில ஒரு சோத்துக் குக்கர். மூடி தாளம் போடுது. பக்கத்தில நிரஞ்சினி. வேலைக்கு வந்து மூண்டு மாசம்கூட ஆகேல்லை.

"பிள்ளை, இதென்ன?"

"சோறு, அண்ணை."

"சோறெண்டு எனக்கும் தெரியும். மூக்கு இருக்கு."

நிரஞ்சினி குக்கரை மறைச்சுக்கொண்டு நிண்டாள்.

"உன்ர புறோப்-சைற், அந்த மூண்டு மாசத் தவணை, முடிய எத்தினை நாள் இருக்கு?"

"நாலு, அண்ணை."

"நாலு நாள் பொறுத்தா வேலை நிரந்தரம். அதுக்குப் பிறகு ஊரில இருந்து புருசனைக் கூப்பிடலாம். நீதானே அழுதழுது சொன்னனீ? இப்ப ஒரு சுண்டு அரிசிக்காக எல்லாத்தையும் கொட்டிட்டியே. மத்தியானம் பாண் திண்டா உயிர் போயிடுமோ?"

"எனக்கில்லை, அண்ணை."

"பின்னை ஆருக்கு?"

அவள் குனிஞ்சு வாளியொண்டை ஓரமாத் தள்ளினாள்.

"சொல்லாட்டி விடு. நான் சொல்லித்தான் ஆகவேணும். ஒருத்தியைப் பாத்துக் கண்ணை மூடினா, நாளைக்குத் தமிழாக்கள் எல்லாரையும் கள்ளர் எண்டுவினம்."

பொக்கற்றுக்குள்ள போன் அடிச்சுது. புரூடரர். மகேந்திரன் எடுக்கப் போக, பின்னால கதவு திறந்துது.

வேணுகா. பதினாலு வருசம் அவரோட வேலை செய்யிறவள். கையில சாப்பாட்டுப் பெட்டி. உள்ள நிக்கிற ஆளைப் பாக்காமலே தொடங்கிட்டாள்.

"எடியேய், அண்ணையின்ர பங்கை முதல் போடு. பன்னிரண்டு அடிக்க முன்னம் வந்து குந்தி, யேடெஸ் வாட் எண்டு மூக்கால பாடப்போகுது..."

நிமிந்து பாத்தாள். பெட்டி கையிலேயே நிண்டுது.

போன் அடிச்சு ஓய்ஞ்சுது.

"என்ர பங்கோ?" மகேந்திரன் குக்கரைத் திரும்பிப் பாத்தார். "அது நீ வீட்டில இருந்து கொண்டாற சோறெல்லோ?"

"வீட்டில இருந்து விடிய நாலரைக்குக் கொண்டாற சோறு, மத்தியானம் ஆவி பறக்குமோ, அண்ணை?"

மூண்டு கிழமையா ஆவி பறக்கத்தான் திண்டவர். ஒரு நாள் "குழைஞ்சு போச்சு" எண்டு குறைகூடச் சொன்னவர்.

"உங்கட மனுசி ஒப்பரேசன் செய்து படுக்கையில," எண்டாள் வேணுகா. "வீட்டில சமைக்க ஆளில்லை. நீங்கள் வெறும் வயித்தில சுகர் குளிசையைப் போட்டிட்டு வந்து, படியில தலை சுத்தி விழுந்தீங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு எங்களையே கெஞ்சினீங்கள். அடுத்த நாள் இவள் தன்ர வீட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திட்டாள்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா சோத்தைத் தொடமாட்டீங்கள், அண்ணை," எண்டாள் நிரஞ்சினி. "கரண்டைப் பற்றித்தான் கதைப்பீங்கள்."

மகேந்திரன் கவிழ்த்து வைச்ச வாளியொண்டில அப்பிடியே குந்திட்டார். குக்கர் தன்ர பாட்டில கொதிக்குது.

திரும்பப் போன் அடிச்சுது. இந்த முறை எடுத்தார்.

"ஹெர் மகேந்திரன், ஆளைப் பிடிச்சிட்டீங்களோ?"

"ஓம். பிடிச்சிட்டன்."

நிரஞ்சினி ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"நல்லது. நான் இப்பவே எழுதவேணும். ஆளின்ர பேர்?"

குனிஞ்சு பிளக்கைக் கழட்டிக்கொண்டு சொன்னார்:

"மகேந்திரன்."