இராகு காலத்தில் ஒரு தும்மல்

நீர்க்கண்ணாடியை முகத்தில் இழுத்து மாட்டிய கணத்தில் மாதவராஜ் தும்மினான்.

கரையில் நின்ற கூட்டம் கப்சிப் என்றானது.

பாலக்கோட்டுக்கு அப்பால், கல்லை வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட பெருங்குழி அது. மழைநீர் நிறைந்து, இன்று ஆழ்நீச்சல் பிரியர்களின் ஏரியாகிவிட்டது. நடுவே மிதந்த படகிலிருந்து அவன் இறங்க வேண்டும். அடியாழத்தில் மாலை மாற்றி மணம் முடிக்க வேண்டும்.

அதுவும் வெள்ளிக்கிழமை, இராகு காலத்தில்! நாள் பார்க்கும் மடமையை நீரில் மூழ்கடிப்போம் என்று அரூர் முதல் மாரண்டஹள்ளி வரை துண்டறிக்கை கொடுத்தவன் அவன்.

படகோட்டி காளியப்பன் தணிந்த குரலில் சொன்னார். "மாப்பிள்ளை, தும்மிட்டீங்க. செத்த உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எறங்குங்க."

இதற்காகவே காத்திருந்தவன் போல மாதவராஜ் எழுந்தான். காலில் வாத்துப் பாதம் போன்ற நீச்சல் துடுப்பு, முதுகில் காற்று உருளை. மேடையும் ஒலிபெருக்கியும்தான் இல்லை. மூக்கில் ஏறிய தூசிக்கும் வாழ்வில் ஏறும் படிக்கும் என்ன உறவு என்று முழங்கினான். கரை கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே மறுபடியும் தும்மினான்.

படகின் பொறுப்பாளர் சுசித்ரா கையை உயர்த்தினாள். இறங்கக் கூடாது.

அந்தப் படகில் அவள் வகுத்ததே எல்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், யார் இறங்கலாம், எல்லாவற்றுக்கும் அவள் சொல்லே முடிவு. பீர் வாடையோடு வந்த ஓசூர்க் கம்பெனி அதிகாரிகளைக் கரைக்கே திருப்பியவள். காது வலிக்கிறது என்று வாய் தவறிச் சொன்ன ஒன்றியச் செயலாளரின் மைத்துனனை டீ குடிக்க அனுப்பியவள்.

மாதவராஜ் கொதித்தான். மூடநம்பிக்கை என்றான். அவள் மூக்கடைப்பு என்றாள்.

ஆழம் கூடக் கூட நீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்து ஊதிக் காற்றை உட்காதுக்கு அனுப்பினால்தான் அழுத்தம் சமனாகும். சளி அடைத்திருந்தால் காற்று போகாது, செவிப்பறை கிழியும். காலையிலேயே மாத்திரை போட்டுவிட்டதாக அவன் பெருமையாகச் சொன்னான். பாதியில் மாத்திரை கைவிட்டால் மேலே ஏறுவதும் ஆபத்து என்று அதையும் அடைத்தாள்.

குரலைத் தாழ்த்தி மன்றாடினான். இறங்காவிட்டால் தும்மல் வென்றது என்று ஊர் சிரிக்கும். தோற்பது தான் அல்ல, தன் கொள்கை.

காது கிழிந்து மேலே வந்தால் அதே ஊர் அதையே இன்னும் உரக்கச் சொல்லும் என்றாள் சுசித்ரா.

நூறு மேடைகளில் பகுத்தறிவை வாழ்த்தியவன், அது கண்ணெதிரே கை உயர்த்தி நிற்கையில் என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே வாத்துப் பாதங்களைக் கழற்றினான்.

சகுனம் பலித்துவிட்டதாகக் கரையில் ஒரு கிழவர் அறிவித்தார். கல்யாணம் நின்றதா என்று இன்னொருவர் கேட்டார்.

சுசித்ரா தன் காற்று உருளையை இறக்கி வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி கரையை நோக்கிச் சொன்னாள்.

"தும்மலுக்கு இல்லைங்க, சளிக்குத்தான் நிறுத்தினேன். பேசினபடியே ராகு காலம் முடியறதுக்குள்ள இவரை இந்தப் படகுலயே கட்டிக்கிறேன். மூக்கு ஒழுகற மாப்பிள்ளையைத் தண்ணிக்குள்ளதான் விடமாட்டேன். எங்க வூட்டுக்குள்ள விடுவேன்."