அவசர வேலை

"ஒரு மான் தலையைப் பாடம் பண்ண ஒன்றரை வருஷமாய்யா? நீ என்ன புதுசா மானைப் பெத்தா குடுக்கப் போறே?"

டெரில் போட்ட கூச்சல் மொன்டானா மாநிலம் முழுக்கக் கேட்டிருக்கும். கடைக்காரர் ஓடிஸ் ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னார்.

"உங்க மானைக் கையில எடுக்கிறப்பல்லாம் ஒரு அரசாங்க வேலை வந்துடுது சார். அவசரம்னு வாங்கிட்டுப் போறாங்க, அடுத்த மாசமே பழுதாகித் திரும்பி வருது."

"எந்த முட்டாப்பய அதைக் கெடுக்கிறான்?"

"மாசத்துக்கு ஒருத்தன் கிடைக்கிறான் சார்."

"வேலை செய்யத் துப்பில்ல, சாக்கு மட்டும் வண்டி வண்டியா வெச்சிருக்கே" என்று காறித் துப்பிவிட்டு டெரில் வண்டியைக் கிளப்பினான்.

காட்டுச் சாலை வளைவில் சட்டென்று பிரேக் போட்டான். ஓரத்தில் கிளை விரித்த கொம்புகளோடு ஒரு மான். வண்டியில் இருந்தபடி சுடுவது குற்றம்தான். ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்? கண்ணாடியை இறக்கிச் சுட்டான். மான் அசையவில்லை. மறுபடி சுட்டான். மான் நிதானமாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அதன் விலாவிலிருந்து தெர்மோகோல் தூள் கொட்டியது.

புதருக்குள்ளிருந்து வனக் காவலர் மார்லா, அந்தப் பொம்மை மானை ஆட்டிவைக்கும் ரிமோட்டோடு எழுந்து வந்தாள். துப்பாக்கியையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போன் போட்டாள்.

"ஓடிஸ், நம்ம மான்ல மறுபடியும் ரெண்டு ஓட்டை. அவசரம்."

"இந்தத் தடவை எந்த முட்டாப்பய மேடம்?"

அவள் லைசென்ஸைப் பார்த்துப் பெயரைப் படித்தாள்.

"அப்படியா? அவர் மான் தலைக்கு இன்னும் மூணு மாசம் ஆகும்னு அவர்கிட்டயே சொல்லிடுங்க."