சோத்துக்கைப் பக்கம்

ஐந்தாம் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருந்தது.

ரயில் நகரத்துக்குள் நுழைந்து வேகம் குறைந்தபோதுதான் பார்த்தேன். கிரீஸ் ரேகை. எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அவர் விரலை விட்டுப் போகாத மெக்கானிக் கடை கிரீஸ்.



அது என் தங்கை தபாலில் அனுப்பிய கையேடு. நான் இறங்கப்போகிற ரயில் நிலையத்தில்தான் அவளுக்கு வேலை. விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வழி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே இனாமாகக் கொடுக்கும் எட்டுப் பக்கப் புத்தகம். எங்கே குளிக்கலாம், பெட்டியை எங்கே பத்திரமாக வைக்கலாம், வெளியே யாரிடம் ஏமாறக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. வீட்டிலிருந்தே பின்னால் வருகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஐந்தாம் பக்கம் நிலையத்தின் வரைபடம். அதன் ஓரத்தில் தங்கை பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘புதன்கிழமை காலை வண்டி. மேம்பாலம் தாண்டி இறங்கியதும் உன் சோத்துக்கைப் பக்கம் திரும்பு. அந்த வாசலில் நிற்பேன்.’

இதைத்தான் மகளின் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவர் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, “பாத்துப் போ” என்றார். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. வேறு ஏதோ சொன்னார், எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பைக்கில் வந்தால் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடலாம்.

வண்டி நின்றது. தங்கைக்குச் சொல்லலாம் என்றால் என்னிடம் போன் கிடையாது. அதை அவர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். பெட்டியைப் பெருக்க வந்த ஆள் என் காலடிவரை பெருக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“இதுக்கு மேல வண்டி போகாதும்மா.”

மகளைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டேன். பை தோளில். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். நாற்பது நாள் ஆகிறது.

மேம்பாலத்தில் ஏறினேன். எதிரே வந்த சாம்பல் சட்டை எல்லாம் அவர் சட்டையாகத் தெரிந்தது. அவருக்குச் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றும் பழக்கம் உண்டு. யாரோ சில்லறையைக் கீழே போட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

படி இறங்கினால் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் பஸ் நிலையத்து வாசல். மறுபக்கம் பார்சல் ஆபீஸ் வாசல். இரண்டிலும் கூட்டம், இரண்டிலும் யாருக்காகவோ காத்திருக்கும் முகங்கள்.

சுவரோரம் ஒதுங்கி, மாவுக்கட்டைத் தாங்கும் துணிக்குள் செருகியிருந்த கையேட்டை எடுத்தேன். அந்த ஒரு வரியை மறுபடி படித்தேன். தங்கை இப்படி வழி சொல்கிறவளே இல்லை. வலது, இடது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அதுவே வாயில் வரும்.

இன்னொரு தடவை படித்தேன். உன் என்று எழுதியிருந்தாள்.

சோத்துக்கைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

ஓடவில்லை. ஓடினால் கூட்டம் விலகும். விலகினால் ஆள் தெரிந்துவிடும்.

மகள் என் தோளில் மோவாயை வைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று அவள் விரல்கள் என் கழுத்தை இறுக்கின.

“அம்மா... அப்பா.”

காதுக்குள் ரகசியமாகத்தான் சொன்னாள். எதைக் கத்திச் சொல்லக் கூடாது என்று நாலு வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. நம்மைப் பார்க்கிறாரா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா, புரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

முன்னால் மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவு. அதில் எனக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் பஸ் நிலையத்து வாசல் சின்னதாகத் தெரிந்தது. அங்கே அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நிற்பேன் என்று எழுதியவளைத் தேடி, வெளியே இருக்கும் கூட்டத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் சாவிக்கொத்து சுழன்றது.

பார்சல் ஆபீஸ் வாசலில் டாக்சிக் கதவைத் திறந்து பிடித்தபடி தங்கை நின்றாள். என் தோளிலிருந்து பையை வாங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அன்று, நான் இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மேலெல்லாம் சிந்திக்கொண்டு தடுமாறியபோது, “இனிமே இதுதான்க்கா உன் சோத்துக்கை” என்று என்னைச் சிரிக்கவைத்தவள் அவள்.

கையை உடைத்தவருக்கு அது தெரியாது. அவர் சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். நான் எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று இந்த நாற்பது நாளில் அவர் ஒரு வேளைகூடப் பார்த்ததில்லை.