ஏழாம் நம்பர் தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ஒத்தக்கோடு மிஸ்' என்று பெயர். அது எனக்குத் தெரியாதென்று பிள்ளைகளுக்கு நினைப்பு.

காரணம் இருக்கிறது. ஆய்வு நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடுதான் போடவேண்டும். கிறுக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, வொயிட்னர் பூசவே கூடாது. தப்பும் கண்ணுக்குத் தெரியவேண்டும். இதை இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்படியிருக்க, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி, எல்லாரும் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடுகிற அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறாள், ஏழாம் நம்பருக்கு நேரே வெள்ளையாய் ஒரு திட்டு.

எனக்கு வந்ததே கோபம்.

அவள் எடுத்துக்கொண்டது நல்ல ஆய்வு. வீட்டில் குடிக்கிற தண்ணீரில் பிளாஸ்டிக் துகள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. குடம், கேன், ஃபில்டர், பள்ளிக்குக் கொண்டுவரும் பாட்டில் என்று வீட்டில் எதெதில் தண்ணீர் ஊற்றுவார்களோ அதிலெல்லாம் பிடித்து, பத்து நம்பர் போட்டு, வடிதாளில் வடிகட்டி, சாயம் விட்டு, நீல விளக்கில் மின்னுகிற புள்ளிகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்று வாரம் லேபை விட்டு நகரவில்லை. போட்டிக்கு இன்னும் இரண்டே நாள். ஜெயித்தால் கல்லூரிப் படிப்பு முழுக்க இலவசம். அவர்கள் வீட்டு நிலைமைக்கு அது சின்ன விஷயமில்லை.

ஏழு எங்கே என்று கேட்டேன். தண்ணீர் கைதவறிக் கொட்டிவிட்டது என்றாள். கொட்டியிருந்தால் கொட்டியது என்று எழுதுவதுதானே, வொயிட்னர் எதற்கு என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் லேசுப்பட்டவளா? பக்கத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. பால் புட்டி, வெந்நீர், நானூற்றுப் பன்னிரண்டு. மற்ற ஒன்பதில் எதுவும் நாற்பதைத் தாண்டவில்லை.

அடிப்பாவி, சூடு பட்டால் பிளாஸ்டிக் புட்டி எவ்வளவு துகள் உதிர்க்கிறது என்று காட்டும் எண், ஆய்வின் உயிரையே அல்லவா பூசி மறைத்திருக்கிறாள்! திரும்ப எழுது என்றேன். மாட்டேன் என்றாள். எழுதாவிட்டால் போட்டி கிடையாது என்றேன்.

"சரி மிஸ், போகல."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தத் திமிர்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு வீட்டிலிருந்து யாராவது வந்தே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய அக்கா வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெடுநாள் படுத்திருந்து எழுந்தவள் மாதிரி மெதுவாக நடந்து வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தங்கை கதவுக்கு வெளியே நின்றாள். நான் நோட்டை விரித்து அந்த வெள்ளைத் திட்டின் மேல் விரலை வைத்தேன்.

"ஏழாம் நம்பர்ல உங்க தங்கச்சி என்ன பண்ணியிருக்கா தெரியுமாம்மா?"

"ஏழு பால் புட்டி மிஸ். அவ ஒட்டின லேபிள் இன்னும் அதுல இருக்கு" என்றாள். "என் பிள்ளையோட புட்டி. ஒன்பது மாசம் இருந்தான்."

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நான் கேட்காமலே சொன்னாள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையாம். யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாராம். இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்றைக்குச் சளி பிடித்ததாலா, மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனதாலா, ஒருநாள் மருந்து பிந்திவிட்டதாலா என்று ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம்.

"கிருமி இருக்கக் கூடாதுன்னு தண்ணிய கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குலுக்குவேன் மிஸ். ஒரு நாளைக்கு எட்டு தடவை. அதுல மட்டும்தான் நான் ஒரு குறையும் வைக்கல."

நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி யாரை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. நான் படித்த எதிலும் அதற்கு முடிவான பதில் இல்லை. ஆனால் அந்த எண்ணை இந்தப் பெண் எப்படிப் படிப்பாள் என்பது எனக்குத் தெரிந்தது.

வெளியே பார்த்தேன். பூதக்கண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை கூப்பாத குறை. அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தபோது பிள்ளை எதையும் யோசித்திருக்க மாட்டாள். எண்ணி முடித்த பிறகுதான் உறைத்திருக்கும். இதையா நேற்று திமிர் என்று நினைத்தேன்? என் கண் என்ன அவிந்தா போயிருந்தது?

நோட்டை மூடினேன்.

"ஒண்ணுமில்லம்மா. ஏழாம் நம்பர் தண்ணிய கைதவறிக் கொட்டிட்டா. கவனமா இருக்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மிச்சம் ஒன்பதோட நாளைக்குப் போட்டிக்குப் போகட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் அழித்த முதல் எண் அது.

அக்கா தலையாட்டினாள். எழுந்தவள் உடனே போகவில்லை. வெளியே நிற்கிறவளுக்குக் கேட்டுவிடாதபடி என் மேஜைமேல் குனிந்தாள்.

"முந்தாநாள் அவ குளிக்கப் போனப்ப நானும் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டேன் மிஸ். நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்."